ஸ்வெட்டர் போட்ட கூட்டல்காரர்

வளைகுடா நாடுகளில் எண்ணெய்ப் பணத்தோடு வந்து இறங்கிய மனித வகைகளில் கூட்டல்காரர் என்று ஒரு வகை உண்டு. கண்டுபிடிப்பது சுலபம். ஜூலை மாதத்து தோஹாவில், தார் உருகிச் செருப்பில் ஒட்டிக்கொள்ளும் நேரத்தில், முழுக்கை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு ஒருவர் காரிலிருந்து இறங்கினால் பதற வேண்டாம். காய்ச்சல் இல்லை. அவர் கம்பெனியின் கம்ப்யூட்டர் அறையில் வேலை பார்க்கிறார். கம்ப்யூட்டருக்கு வெயில் ஆகாது, தூசி ஆகாது, வியர்வை வாடை ஆகாது. ஆகவே கம்பெனியிலேயே குளிரான அறை அதற்குத்தான், அதற்குத் துணையிருக்கும் புண்ணியத்தில் இவருக்கும்.

மாதிரிக்கு நம் அனந்தகிருஷ்ணனை எடுத்துக்கொள்வோம். மெட்ராஸ்காரர். பம்பாயில் புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டு வந்தவர். எதைச் சொன்னாலும் மொத்தம் கேட்பார். ஊருக்குப் போய்த் தங்கை கல்யாணத்தை நடத்திவிட்டுக் கண் கலங்கத் திரும்பியவரிடம், மாப்பிள்ளை எப்படி என்றா கேட்பார்? "டோட்டலா எத்தனை பேர் வந்தாங்க?" என்பார். மொத்தம் தெரிந்துவிட்டால் அவருக்குக் கல்யாணம் முடிந்துவிட்டது. மொத்தத்துக்குள் யார் யார் என்று அவர் கேட்டதாக ஆபீஸில் ஒருவருக்கும் நினைவில்லை.

வெள்ளிக்கிழமை லீவில் அவர் வீட்டில் விருந்து நடக்கும். "நாலு ஃபேமிலி. நாலு பேருக்கு மேல அரிசி போட்டா வேஸ்ட்" என்பார் மனைவி பிரபாவதியிடம்.

"நாலு ஃபேமிலின்னா நாலு பேரா? சிவசங்கரன் வீட்டுலேயே மாமியார், மச்சினன், மச்சினன் பொண்டாட்டின்னு ஒரு பட்டாளம் வரும். நீங்க போய் பேப்பர் படிங்க."

பிரபாவதி ஒவ்வொரு குடும்பத்துக்குள்ளும் மனத்தால் போய், குழந்தைகள் வரை எண்ணிவிட்டுத்தான் உலை வைப்பாள். அதனால் அவர் வீட்டில் யாரும் பசியோடு எழுந்ததில்லை. கம்பெனியில் பிரபாவதி வேலை பார்க்கவில்லை என்பதுதான் சங்கடம்.

தொழிற்பேட்டையில், வேலையாட்கள் தங்குவதற்குக் கம்பெனிக்கு ஒரு கேம்ப் இருந்தது. அங்கே தண்ணீர் டேங்கர் லாரியில் வரும். எவ்வளவு வேண்டும் என்று கேம்ப் பாஸ் கலீலுர் ரஹ்மான் வாய்வார்த்தையாகச் சொல்லுவார், லாரிக்காரர் கொண்டுவந்து ஊற்றுவார். இத்தனை லேசான ஏற்பாட்டை விட்டுவைக்கலாமா? இனி கேம்ப்பில் எத்தனை பேர் என்று கம்ப்யூட்டர் எண்ணும், எண்ணிக்கைக்குத் தக்கபடிதான் டேங்கர் வரும் என்று உத்தரவானது. புரோகிராம் எழுதியவர் அனந்தகிருஷ்ணன்.

விஷயம் இவ்வளவுதான். கேம்ப் என்பது ஒரு பட்டியல். ஃபோர்மேன், டிரைவர், சமையல்காரர் எல்லாரும் அதில் தனித்தனியாகப் பேர் போட்டு இருந்தார்கள். காண்டிராக்டில் வந்த கூலி ஆட்களுக்கு அந்த மரியாதை எதற்கு? அவர்களை அறை அறையாக, பட்டியலுக்குள் சின்னச் சின்னப் பட்டியலாகப் போட்டிருந்தார்கள். புரோகிராம் மேலிருந்து கீழே ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு வரும். டிரைவரா? ஒன்று. சமையல்காரரா? ஒன்று. அறையா? அங்கே நின்று, உள்ளே இறங்கி, இருப்பவர்களை எண்ணிக்கொண்டு மேலே வர வேண்டும். அனந்தகிருஷ்ணனின் புரோகிராம் இறங்கவில்லை. ஓர் அறையா? அதற்கும் ஒன்று.

அகலத் தாளில் மொத்தம் அச்சாகி வந்தது. இங்கிலீஷ்கார மேனேஜர் அதைப் பார்த்துப் பூரித்துப்போனார். இத்தனை கொஞ்சம் பேருக்கா இத்தனை நாள் இத்தனை தண்ணீர்? டேங்கர் பாதிக்கு மேல் குறைந்தது.

அடுத்த நாளே கலீலுர் ரஹ்மான், ராக்கப்பன் என்ற தொழிலாளியையும் கூட்டிக்கொண்டு கம்ப்யூட்டர் அறைக்கு ஓடிவந்தார். வாசலில் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். கழற்றினார்கள். அனந்தகிருஷ்ணன் பிளாஸ்கிலிருந்து சூடாகக் காபி ஊற்றிக்கொண்டிருந்தார். பாவம், அவ்வளவு குளிர்.

"சார், கேம்ப்புல தண்ணி மாஃபி, சுத்தமா இல்ல. டூட்டி முடிச்சு வந்த புள்ளைங்க வாய் நனைக்கக்கூட ஒரு சொட்டு இல்ல" என்றார் கலீலுர் ரஹ்மான்.

"இருக்க முடியாதே, பாய். கணக்குப்படி மிச்சம்தான் ஆகணும். ரொம்பக் குளிக்கறாங்க போல."

"குளிக்கிறதா? சோலையப்பன்னு ஒரு ஆளு, சைட்டுல கம்பி கட்டிட்டு இருந்தவன், மயங்கி விழுந்துட்டான் சார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருக்கு. இந்த ராக்கப்பன் ரூம்தான்."

அனந்தகிருஷ்ணன் தாளைப் பிரித்து விரலை ஓட்டினார். "இவர் ரூமுக்கு ஒண்ணுதான் வந்திருக்கு."

"பன்னெண்டு பேரு கெடக்கோம் சார்" என்றார் ராக்கப்பன்.

"கம்ப்யூட்டர் ஒண்ணுன்னுதானே சொல்றது?"

"அந்த ஒரு ஆளு யாருன்னும் அதுகிட்டயே கேட்டுச் சொல்லிருங்க சார். மத்தவங்க ஊருக்குப் போயிர்றோம்."

கூட்டல்காரருக்குக் கோபம் வராது என்று நினைக்காதீர்கள். வந்தது. வெளியே போகச் சொன்னார். மறுநாள் காலை கேம்ப் பஸ்ஸில் ஒருவரும் ஏறவில்லை. அந்த நாடுகளில் வேலைக்குப் போக மாட்டேன் என்று நிற்பது விளையாட்டல்ல. கையெழுத்து ஒன்றில் ஊருக்கு அனுப்பிவிடுவார்கள், ஏஜெண்டுக்குக் கொடுக்க வாங்கிய கடன் அங்கேயே காத்திருக்கும். அது தெரிந்தும் நின்றார்கள். தாகம் அப்படி.

மேனேஜர் கூப்பிட்டார். அனந்தகிருஷ்ணன் அசரவில்லை. "புரோகிராம் பர்ஃபெக்ட், சார். டேட்டாதான் தப்பு" என்றார். அதாவது, ஆட்கள் அறைக்குள் போய் இருந்துகொண்டது தப்பு! இருந்தாலும் பெரிய மனது பண்ணி, புரோகிராம் உள்ளே இறங்கி எண்ணும்படி மாற்றினார். ஆனால் பழைய வரியை அழிக்கவில்லை. தான் எழுதியதைத் தானே அழிப்பதா? அதனால் உள்ளே இருக்கும் ஆட்களும் எண்ணப்பட்டார்கள், அறையும் தன் பங்குக்கு ஓர் ஆளாக எண்ணப்பட்டது. தண்ணீர் தாராளமாக வந்தது. அனந்தகிருஷ்ணனுக்குப் பதவி உயர்வும் வந்தது.

சோலையப்பன் பிழைத்துக்கொண்டார். வெயிலில் வேலைக்கு ஆக மாட்டார் என்று ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்ததும் விசாவைக் கேன்சல் செய்து ஊருக்கு அனுப்பினார்கள். பஸ் ஏறாமல் நின்றவர்களில் ராக்கப்பனுக்கு மட்டும் அதே விமானத்தில் இடம் கிடைத்தது. புது ஆள் ஒருவர் அந்த அறைக்கு வந்தார். அடுத்த மாதம் கலீலுர் ரஹ்மான் அந்த அறைக் கணக்கைச் சரிபார்க்கக் கேட்டபோது அனந்தகிருஷ்ணன் தாளை நீட்டிச் சிரித்தார். "பாருங்க பாய், பன்னெண்டு. அந்த ரூம்ல யாரும் குறையவே இல்லையே?" பதினொரு பேரும் ஓர் அறையும் சேர்ந்து பன்னிரண்டாக நின்றார்கள். சோலையப்பன் படுத்திருந்த இடத்தை அந்த அறையே நிரப்பிக்கொண்டுவிட்டது.

சிரித்தீர்களா? நல்லது. இப்போது ஒரு சந்தேகம். அந்த அறையில் பன்னிரண்டு பேர் என்று சொன்னேன். இரண்டு பேருடைய பெயரைத்தான் சொன்னேன். மற்ற பத்துப் பேர் யார், தண்ணீர் இல்லாத அன்றைக்கு என்ன குடித்தார்கள் என்று உங்களுக்குக் கேட்கத் தோன்றியதா? கேம்ப் என்றதும் ஒன்று என்று போட்டுக்கொண்டு அடுத்த வரிக்கு வந்துவிட்டீர்கள், இல்லையா? வெட்கப்படாதீர்கள். கம்ப்யூட்டர் அறையில் இன்னொரு நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது. வரும்போது ஸ்வெட்டரை மட்டும் மறந்துவிடாதீர்கள்.