டீச்சரின் குட்டி பேட்டரி

தையல்காரர் சாவியைத் திருப்பினார். 'டிக்' என்றது. இன்னொரு முறை திருப்பினார். இந்தத் தடவை அதுகூட இல்லை.

கார் அவருடையதல்ல, மனைவியுடையது. வாரம் முழுக்கப் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக் கொடுக்கும் டீச்சரம்மா, மாதத்தில் ஒரு ஞாயிறு ரேஸ் டிராக்கில் இந்தக் காரை விரட்டுவார். நாளைக்கு இந்த வருடத்தின் கடைசிப் பந்தயம். பயிற்சி முகாமுக்கு வெளியூர் போனவர் இன்று மாலை திரும்புகிறார். அதற்குள் பேட்டரிக்கு உயிர் வந்தாக வேண்டும்.

எடையைக் குறைக்க, பழைய பெரிய பேட்டரியை எடுத்துவிட்டு, ஒரு கையால் தூக்கக்கூடிய குட்டி பேட்டரியை மாட்டியிருந்தார் டீச்சர். வண்டியைக் கிளப்ப அது போதும். அதற்குமேல் ஒரு வேலை சொன்னால் படுத்துவிடும். போன மாதம் ஷெட் சுவரில் ஒரு தாளும் ஒட்டினார். 'மெயின் சுவிட்சை அணைக்கவும். இதற்கென்று உள்ள சார்ஜரை மட்டும் போடவும். சந்தேகம் இருந்தால் தொடாமல் இருக்கவும்.' மூன்றாவது வரிக்கு அடிக்கோடு வேறு. ஒட்டிய கையோடு அரைமணி நேரம் வகுப்பும் எடுத்தார்.

"பொறுப்பா இருக்கிறவங்க கையில பேட்டரி சாகாதுங்க."

தையல்காரர் நேற்று நல்லதைத்தான் நினைத்தார். சீட்டுக்குப் புது உறை தைத்து மனைவியை அசத்தலாமென்று, சீட்டைக் கழற்றிக் காருக்கு முன்னால் போட்டார். ஷெட்டில் வெளிச்சம் பற்றவில்லை. காரின் முன்விளக்கைப் போட்டுக்கொண்டு ஊசியை எடுத்தார். பாதியில் விளக்கு மங்கி அணைந்தது. பல்புதான் போய்விட்டதென்று மிச்சத்தை வாசலில் உட்கார்ந்து தைத்தார்.

இப்போது டீச்சரின் சார்ஜரை மாட்டிப் பார்த்தார். சிவப்பு விளக்கு முறைத்தது. அடியோடு காலியான பேட்டரியை அந்தச் சார்ஜர் ஏறெடுத்தும் பார்க்காதாம். பேட்டரியைக் கழற்றி மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போன் அடித்தது.

"ஏங்க, பேட்டரி எப்படி இருக்கு?"

"அதுக்கென்ன, சத்தமில்லாம இருக்கு."

"தொடலையே?"

"நான் ஏன்ம்மா தொடப்போறேன்?"

பக்கத்து வீட்டு லாரிக்காரர் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். "கொண்டாங்க. என் சார்ஜர் லாரியவே எழுப்பும், இந்த டப்பாவ எழுப்பாதா?"

"வேற சார்ஜர் போடக்கூடாதுன்னு எழுதியிருக்காங்க."

"எழுதினது யாரு? கணக்கு டீச்சர்தான? கரண்டு வேற சப்ஜெக்ட்டுங்க."

தையல்காரருக்கு அது நியாயமாகப் பட்டது. பத்தே நிமிடத்தில் பேட்டரி கொதித்தது, வயிறு உப்பியது, ஏதோ கருகும் வாடை வந்தது. லாரிக்காரர் வயரைப் பிடுங்கிப் போட்டார்.

"லோடு ஏத்தணும், வரேன்" என்று கம்பி நீட்டிவிட்டார்.

மணல் வாளியில் வைத்து ஆறவிட்ட பிறகு தையல்காரருக்கு ஒரு யோசனை வந்தது. மேலே அழகாக ஓர் உறை தைத்துவிட்டால் உப்பியது தெரியாது. டேப்பை எடுத்து அளந்தார். துணியை வெட்டிவிட்டு மறுபடி அளந்தார். இடுப்பு அரை அங்குலம் கூடியிருந்தது. இப்படி ஒரு வாடிக்கையாளரை அவர் பார்த்ததே இல்லை. அந்த இடுப்போடு அது காரில் இருந்த இடத்துக்குள்ளும் நுழையவில்லை.

மூன்று மணிக்கு வாளியோடு பேட்டரிக் கடையில் போய் நின்றார். கடைக்காரர் வாளிக்குள் எட்டிப் பார்த்தார்.

"டீச்சர் வண்டியோடதுதான? பெரிய சார்ஜர் போட்டீங்களா?"

தையல்காரர் தலையாட்டினார். "இதே மாதிரி வேற இருக்கா?"

"ஒண்ணே ஒண்ணு இருக்கு."

போன உயிர் திரும்பி வந்தது. கூடவே வெட்கமும் வந்தது. இருபது வருடத்தில் மனைவியிடம் இப்படி ஒரு பொய் சொன்னதில்லை. அவர் எவ்வளவு பொறுப்பானவர், தான் எப்பேர்ப்பட்ட ஆள் என்று நினைக்க நினைக்க மனசு கேட்கவில்லை. முன்விளக்கில் ஆரம்பித்து இடுப்பளவு வரை எல்லாவற்றையும் ஒப்பித்துவிட்டுக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"இது நமக்குள்ளயே இருக்கட்டும். டீச்சருக்கு மட்டும் தெரியவே கூடாது."

கடைக்காரர் புதுப் பேட்டரியைத் துடைத்து அவர் கையில் கொடுத்தார்.

"பயப்படாதீங்க சார், போன மாசம் முதல் பேட்டரிய இதே மாதிரி ஊதவச்சுக் கொண்டாந்தப்ப, 'வீட்டுக்காரருக்கு மட்டும் தெரியவே கூடாது'ன்னு டீச்சரும் இங்கதான் நின்னு கும்பிட்டாங்க."