மூன்றே நாளில் முடிந்த ஒரு வருஷம்

இந்த வருஷம் வரி ஃபாரத்தைத் தானே நிரப்பப் போவதாக என் கணவர் எலிசியோ, பிப்ரவரி முதல் தேதி, பல் தேய்த்துக்கொண்டே அறிவித்தார். வாய் நிறைய நுரை. எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் அரசாங்க விளக்கப் புத்தகத்தைத் தேடி எடுத்து நானே படிக்க உட்கார்ந்தேன்.

எலிசியோ கணக்கு வாத்தியார். ஆசிரியர் பரிமாற்ற விசாவில், எங்கள் தீவு நாட்டு ஊரான இலோய்லோவிலிருந்து இந்த நியூ மெக்சிகோ ஊருக்கு வந்து, ஏழாம் வகுப்புக்குப் பின்னம் சொல்லிக்கொடுக்கிறார். பின்னத்தில் பிழை விடமாட்டார். ஆனால் எந்தக் காகிதத்தையும் முழுசாகப் படிக்கமாட்டார். தொட்டில் வாங்கியபோது கூட வந்த தாளைப் பிரிக்காமலே பூட்டி நிறுத்தினார். எங்கள் அமிஹான் பதினோரு மாதமாகச் சற்றே சரிந்துதான் தூங்குகிறாள்.

வரி ஃபாரம் தொட்டில் இல்லை. விசாவை இன்னும் இரண்டு வருஷம் நீட்டிக்கச் சொல்லி மனு போடுகிறோம். அதோடு இந்த ஃபாரத்தின் நகலையும் வைக்க வேண்டும். தப்பான ஃபாரம் போனால் டிசம்பரில் பெட்டி கட்ட வேண்டியதுதான். போதாததற்கு, கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேலே, பொய் சொன்னால் தண்டனை உண்டு என்று ஒரு வரி. கன்னியாஸ்திரிகளிடம் பன்னிரண்டு வருஷம் படித்தவள் நான். அந்த வரியைப் பார்த்தாலே என் முழங்கால் தானாக மடிகிறது.

ஃபாரம் இரண்டு வகை. ஒன்று உள்ளூர்க்காரருக்கு, மற்றது வெளியூர்க்காரருக்கு. இந்த விசாவில் வரும் வாத்தியார் இங்கேயே சமைத்து, இங்கேயே பிள்ளை பெற்று, இங்கேயே குப்பை கொட்டினாலும், முதல் இரண்டு வருஷம் அரசாங்கத்துக்கு வெளியூர்க்காரர்தான். மூன்றாவது வருஷம் நாட்களை எண்ணத் தொடங்குவார்கள். பாதி வருஷத்துக்கு மேல் இருந்துவிட்டால் உள்ளூர்க்காரர்.

"நாம வந்தது டிசம்பர் இருபத்தொன்பது" என்று எலிசியோ விரலை மடக்கினார். "போன டிசம்பர் இருபத்தொன்பதோட ரெண்டு வருஷம். அதனால போன வருஷம் பூரா நாம வெளியூர். இதுல என்ன குழப்பம்?"

"வருஷம்னா ஜனவரியிலேர்ந்து டிசம்பர்ப்பா. கடைசி மூணு நாள் இருந்தாலும் அது ஒரு முழு வருஷம்னு போட்டிருக்கு. நம்ம ரெண்டு வருஷம் எப்பவோ முடிஞ்சுபோச்சு."

"மூணு நாள் எப்படி ஒரு வருஷமாகும்? கணக்கு வாத்தியார் நானா, நீயா?"

அந்த மூன்று நாளைப் பற்றி நான் சொல்லியாக வேண்டும். எங்கள் ஊரில் புத்தாண்டுக்கு முன்னால் யாரும் வீட்டைவிட்டுக் கிளம்பமாட்டார்கள். மேஜையில் பன்னிரண்டு உருண்டைப் பழங்களை அடுக்கி, நடுநிசியில் எல்லோரும் சேர்ந்து சாப்பிட வேண்டும். விமான டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது என்று இவர்தான் என்னைக் கிளப்பிக்கொண்டு வந்தார். நெடுஞ்சாலை ஓரத்து மோட்டலில், வரவேற்பு மேஜையில் கிடந்த ஒரே ஒரு ஆரஞ்சைப் பாதியாக உரித்து நாங்கள் புத்தாண்டு கொண்டாடினோம். அந்த மூன்று நாள் இப்போது ஒரு வருஷத்தை விழுங்கிவிட்டது என்பதில், பயத்துக்கு நடுவிலும் எனக்கு ஒரு சின்னத் திருப்தி.

ஆறு வாரம் சொன்னேன். கெஞ்சிச் சொன்னேன், காலண்டரைக் காட்டிச் சொன்னேன், குளியலறைக் கண்ணாடியில் எழுதி ஒட்டினேன். எலிசியோ கீழ்வீட்டு நேஸ்டரைத் துணைக்கு இழுத்தார். நேஸ்டர் ஆராய்ச்சி மாணவன். மாணவர்களுக்கு ஐந்து வருஷம் வெளியூர்க் கணக்கு. படிக்கிற பயலுக்கே அஞ்சு, சொல்லிக்கொடுக்கிறவனுக்கு ரெண்டுகூட முழுசா இல்லையா என்று நியாயம் கேட்டார். கூடைப்பந்தில் நேஸ்டரிடம் வாரந்தோறும் தோற்கிற மனுஷன், இதிலும் தோற்பாரா?

சொல்லிப் பயனில்லை. இவரைச் சொல்ல வைத்தால்தான் உண்டு.

ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் கூடத்தில் எங்கள் ஊர்க்காரர்களெல்லாம் கூடிச் சாப்பிடுவோம். எல்லாவற்றுக்கும் பெலென் அக்காதான் தலைவி. புதிதாக வந்த பதினாலு ஆசிரியர்களுக்கு வரி விவகாரத்தை விளக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார். என் கணவர் அதில் புலி என்று அவர் காதில் போட்டேன். அடுத்த ஞாயிறு எலிசியோ பேசுவார் என்று ஒலிபெருக்கியில் அறிவித்துவிட்டார். எலிசியோ சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டார்.

பேச வேண்டுமானால் படிக்க வேண்டுமே என்பது என் கணக்கு. வெள்ளிக்கிழமை அவர் குறிப்பேட்டைத் திருட்டுத்தனமாகப் பார்த்தேன். நான்கு பக்கம் எழுதியிருந்தார். நான்கும் நகைச்சுவைத் துணுக்குகள். இதுவரை தப்பாகப் போகவிருந்தது ஒரு குடும்பம். இப்போது பதினைந்து.

"நேஸ்டர் முன்வரிசையில உட்காரப் போறானாம்ப்பா" என்றேன், அமிஹானுக்குச் சாதம் ஊட்டிக்கொண்டே. "கேள்வியெல்லாம் எழுதி வச்சிருக்கானாம்."

அது பொய். அதனால் உடனே கீழே ஓடி, நேஸ்டரை முன்வரிசையில் உட்காரச் சொல்லி, கையில் ஒரு தாளையும் கொடுத்து, அதை உண்மையாக்கினேன்.

சனிக்கிழமை முழுக்க எலிசியோ சிவப்புப் பென்சிலோடு அரசாங்க விளக்கத்தைப் படித்தார். கல்யாணமாகி முதல் தடவையாக, கடைசிப் பக்கம் வரை. சாயங்காலம் சமையலறைக்கு வந்தார்.

"டெசி, உனக்கு ஒரு விஷயம் புரியவே இல்ல. வருஷம்னா ஜனவரியிலேர்ந்து டிசம்பர். ஒரு நாள் இருந்தாலும் முழு வருஷம்தான்."

"அப்படியா?"

"நாம உள்ளூர்க்காரங்க. நல்லவேளை, நான் பார்த்தேன்."

வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்ததால் என் கண்ணீருக்கு விளக்கம் தேவைப்படவில்லை. சரியான ஃபாரத்தில் அன்றைக்கே கையெழுத்துப் போட்டார். உறையை நானே ஒட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை பிரமாதமாகப் பேசினார். கடைசியில் நேஸ்டர் எழுந்தான். தாள் வெறுந்தாள்தான், கேள்வி அவனுடையது.

"மூணு நாள் கழிச்சு வந்திருந்தா இன்னும் ஒரு வருஷம் நீங்க வெளியூர்க் கணக்குலேயே இருந்திருக்கலாமேண்ணே. புத்தாண்டுக்கு முன்னாடி யாராவது வீட்டைவிட்டுக் கிளம்புவாங்களா?"

எலிசியோ என்னைப் பார்த்தார்.

"டெசிதான் அவசரப்பட்டா."

விருந்து மேஜையை உதைத்துவிட்டு வந்தவளைப் பார்ப்பதுபோல் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நூடுல்ஸ் கரண்டியை நிதானமாகக் கீழே வைத்தேன்.

"ஆமாக்கா" என்றேன் பெலென் அக்காவிடம். "அதுக்குப் பரிகாரமா, இந்தப் பதினாலு பேர் ஃபாரத்தையும் கூட உட்கார்ந்து அவரே சரிபார்த்துத் தருவார். எங்க வீட்லயே. அடுத்த ஞாயிறு."

எலிசியோ வாயைத் திறந்தார். கைதட்டல் எழுந்தது. மூடிக்கொண்டார். அதிகமாகத் தட்டியது நேஸ்டர்.

அடுத்த ஞாயிறு மதியம் பதினாலு பேரும் ஃபாரத்தோடு வாசலில் நின்றார்கள். எலிசியோ தொங்கிய முகத்தோடு பென்சில் சீவிக்கொண்டிருந்தார். வாழ்நாளில் ஒரு தடவை உட்கார்ந்து வேடிக்கை பார்க்கலாம் என்று நாற்காலியை இழுத்துப் போட்டேன்.

பூசை முடிந்து நேராக வந்திருந்தார்கள். பதினாலு பேரும் பசியோடு.