விரதம் இருந்த ஏசி

அந்த வருஷம் வெயிலோடு புழுக்கமும் கூட்டுச் சேர்ந்துகொண்டது. காலையில் துவட்டிக் காயப்போட்ட துண்டு மாலையிலும் ஈரமாகவே கொடியில் தொங்கியது. ஊரில் நல்ல வியாபாரம் இரண்டே பேருக்குத்தான். ஒருவர் ஏசி மெக்கானிக். இன்னொருவர் குளிர்ச்சாமி.

மெக்கானிக்குக்குத் தெரிந்த வியாதி ஒன்றே ஒன்று: "கேஸ் போயிடுச்சு." ஏசி சத்தம் போட்டாலும் கேஸ். தண்ணீர் சொட்டினாலும் கேஸ். ரிமோட்டில் பேட்டரி தீர்ந்திருந்தாலும் கேஸ். அதற்கு அவர் சொல்லும் தொகையைக் கேட்டால் நமக்குத்தான் மூச்சுப் போகும். அப்படி மூச்சுப் போனவர்கள் எல்லாரும் நேராகக் குளிர்ச்சாமியின் மண்டபத்துக்குப் போனார்கள்.

மண்டப வாசலில் விடிந்ததும் வரிசை நிற்கும். ஆளுக்கொரு ரிமோட் கையில். சிலர் அதைத் துண்டில் சுற்றி மார்போடு அணைத்திருப்பார்கள். சாமி ரிமோட்டை வாங்கி நெற்றியில் வைத்துக் கண்ணை மூடுவார்.

"யந்திரத்துக்குக் கண் பட்டிருக்கு. ஆசை ஆசையா வாங்கினீங்க. வந்தவங்களுக்கெல்லாம் காட்டினீங்க. அது தாங்கல."

வெறுப்போடு ஏசி வாங்குகிறவர் உலகத்தில் யார்? வாங்கி ஒளித்து வைப்பவர்தான் யார்? ஆனாலும் கேட்டவர்களுக்கு உடம்பு சிலிர்த்தது. சாமியின் அறையில் மூன்று ஏசி ஓடியதும் அந்தச் சிலிர்ப்புக்கு ஒரு காரணமாக இருக்கலாம். அந்த மூன்றையும் துடைக்க ஒரு கம்பெனி வேன் மாதாமாதம் பின்வாசல் வழியாக வந்துபோனது. முன்வாசலில் நின்றவர்களுக்கு அது எப்படித் தெரியும்?

பரிகாரம் இதுதான். ஏசி ஓர் இரவு விரதம் இருக்க வேண்டும், அதாவது சுவிட்சைப் போடக்கூடாது. அதன் மூடிக்குள் இருக்கும் தூசி வலையைச் சீடன் கழற்றித் தீர்த்தத்தில் நீராட்டுவான். மறுநாள் சாமி வந்து செப்புத் தகடு ஒட்டுவார், ரிமோட்டை அழுத்துவார், மூன்று நிமிஷம் மந்திரம் முழங்குவார். முடிகிற நேரத்தில் வெளிச்சுவரில் இருக்கும் மோட்டார் 'தடக்' என்று உயிர் பெறும். அறைக்குள் குளிர் கொட்டும். பார்த்தவர்கள் கை தானாகக் குவியும்.

காணிக்கை, மெக்கானிக் கேட்டதில் பாதி. பக்தியிலும் தள்ளுபடி என்றால் யாருக்குத்தான் கசக்கும்?

அடுக்குமாடி ஒன்றின் மூன்றாவது மாடியில் வங்கிக் காசாளர் ஒருவர் குடியிருந்தார். கள்ள நோட்டை விரலால் தடவியே கண்டுபிடிக்கும் கெட்டிக்காரர். அவருக்குப் பெண் குழந்தை பிறந்த சில வாரங்களில் படுக்கையறை ஏசி மக்கர் செய்தது. மெக்கானிக் வழக்கம்போல் கேஸ் என்றார், பணத்தை வாங்கிக்கொண்டு போனார். மறுபடி மக்கர். அப்போதுதான் காசாளரின் அம்மா குளிர்ச்சாமியை அழைத்து வந்தார். விரதம், தீர்த்தம், தகடு, தடக். குளிர் வந்தது. அம்மா கண்ணில் நீரே வந்துவிட்டது.

மூன்று வாரத்தில் மறுபடியும் சுடு காற்று. குழந்தையின் கழுத்தெல்லாம் வேர்க்குரு. சாமி இந்த முறை ரிமோட்டை நெற்றியில் வைக்கவில்லை. தொட்டிலை உற்றுப் பார்த்தார்.

"யந்திரத்து மேல தப்பில்ல. இந்தக் குழந்தை உஷ்ணப் பிறவி. ஒரு வருஷம் இந்தக் கூரைக்குக் கீழே இருக்கக்கூடாது."

காசாளரின் அக்கா விடுமுறையில் வந்து கதவைத் தட்டியபோது, தம்பி மனைவி அழுதுகொண்டே குழந்தையின் சட்டைகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அக்காவுக்கு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை.

"எங்கம்மா கிளம்பிட்டே?"

"எங்கம்மா வீட்டுக்கு, அண்ணி. பாப்பா ஒரு வருஷம் ஏசி கண்ணுல படக்கூடாதாம்."

"யார் கண்ணுல?"

"ஏசி கண்ணுல."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. தம்பி மனைவியின் முகத்தைப் பார்த்ததும் அதை அடக்கிக்கொண்டாள். தம்பி பக்கம் திரும்பினாள்.

"நீ என்னடா பாத்துக்கிட்டு நிக்கறே?"

"பாப்பா பொறந்த அப்புறம்தான்க்கா ஏசி கெட்டுச்சு. அது நிஜந்தானே?"

"பாப்பா பொறந்த அப்புறம்தான் உனக்கு முன்னாடி முடியும் கொட்டிச்சு. அதுவும் அவ வேலைதானா?"

அம்மா குறுக்கே வந்தார். "நீ பேசுவடி. சாமி மந்திரம் சொன்னதும் குளிர் வந்துச்சு. என் கண்ணால பாத்தேன்."

"சொல்லாம இருந்திருந்தா வந்திருக்காதா? அதைப் பாத்தியாம்மா? எங்க லேப்ல ஒரு மருந்து கேட்டுச்சுன்னு சொன்னா, அதைச் சாப்பிடாதவனுக்கு என்ன ஆச்சுன்னுதான் முதல்ல கேப்போம்."

மறுநாள் சாமி வந்து குழந்தையை வழியனுப்பி, ஏசிக்கு மறுபடியும் தகடு ஒட்டப் போகிறார் என்று மட்டும் அம்மா சொன்னார்.

அம்மா படுக்கப் போனதும் அக்கா நாற்காலி போட்டு ஏறி ஏசியின் மூடியைத் திறந்தாள். தூசி வலை கம்பளிபோல் வெள்ளையாக அடைத்திருந்தது. முகர்ந்து பார்த்தாள். குழந்தைப் பவுடர் வாசனை.

"முன்னெல்லாம் பகல்ல ஏசி ஓடுமா?"

"இல்ல அண்ணி, ராத்திரி மட்டுந்தான். இப்ப வேர்க்குருன்னு நாள் முழுக்க போடறோம். அந்த வேர்க்குருவுக்குத்தான் பவுடரும் போட்டுக்கிட்டே இருக்கேன்."

"அந்தப் பவுடரைத்தான் இது மூக்கு முட்டத் தின்னிருக்கு. காத்து உள்ள போக வழியில்ல. உள்ளே ஐஸ் கட்டிப்போச்சு."

வலையைக் குளியலறைக் குழாயில் கழுவி மாட்டினாள். ராத்திரியில் ஐஸ் உருகட்டும் என்று சுவிட்சை அணைத்தாள். தம்பி நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

காலையில் சாமி வந்தார். பின்னால் பாதி மாடிக் குடித்தனம். நீராட்ட வந்த சீடனிடம் அக்கா, "ஆயிடுச்சு தம்பி. குழாய்த் தீர்த்தம்" என்றாள். சாமி தகட்டை எடுக்கும் முன்பே ரிமோட்டை அழுத்திவிட்டு, கண்ணை மூடி, அவரைப் போலவே மூக்கால் இழுத்துப் பாடத் தொடங்கினாள்.

"யூரியா... கிரியாட்டினின்... சோடியம்... பொட்டாசியம்... கொலஸ்ட்ரால்... கெட்ட கொலஸ்ட்ரால்..."

நான்கு பேர் கைகூப்பினார்கள். ஒரு மாமா கன்னத்தில் போட்டுக்கொண்டார். அவருக்குக் கெட்ட கொலஸ்ட்ரால் கொஞ்சம் அதிகம்.

அக்கா முதலிலிருந்து மறுபடி ஓதினாள். சாமி தாடியைத் தடவினார். வெளியே 'தடக்'. ஜில்லென்று காற்று வந்து எல்லார் முகத்திலும் மோதியது.

"இது ரத்த டெஸ்ட்டு லிஸ்ட்டு. தினம் லேப்ல நான் படிக்கறது" என்றாள் அக்கா கண்ணைத் திறந்து. "போட்டதும் மோட்டார் ஓடாது. கொஞ்ச நேரம் காத்திருந்துதான் ஓடும். மோட்டார் கெடாம இருக்க அப்படி வெச்சிருக்காங்க. அந்த நேரத்துல மந்திரமும் சொல்லலாம், பல்லும் தேய்க்கலாம்."

சாமி அசரவில்லை. "நான் வாசல் மிதிச்சதால வந்த குளிரும்மா இது."

"அப்படியா? எதிர் வீட்டு வாசலையும் கொஞ்சம் மிதிங்க."

எதிர் வீட்டில் கார் ஓட்டக் கற்றுத்தரும் வாத்தியார். அவர் வீட்டு ஏசியும் சுடு காற்றுதான் விட்டது. இரவெல்லாம் அது ஓடியபடியே இருந்தது. விரதமும் இல்லை, நீராட்டும் இல்லை. சாமிக்கு அப்போதுதான் வியர்த்தது. "சுத்தி பண்ணாம எப்படி..." என்று இழுத்தார். கூட்டம் அவரை ஏசிக்கு நேர் கீழே தள்ளிக்கொண்டு போய் நிறுத்தியது.

தகடு ஒட்டினார். அணைத்துப் போட்டார். மந்திரத்தை மெதுவாகச் சொன்னார், வேகமாகச் சொன்னார், அடிவயிற்றிலிருந்து கத்தினார். 'தடக்' வந்தது. குளிர் வரவில்லை. மேலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் உச்சந்தலையில் விழுந்து நெற்றி வழியாக மூக்கு நுனியில் நின்றது.

"பிரேக் மேலயும் காலை வெச்சுக்கிட்டு ஆக்ஸிலேட்டரை மிதிக்கறீங்க சாமி" என்றார் வாத்தியார்.

முதலில் சிரித்தவர் காசாளரின் மனைவி. பிறகு மாடியே சிரித்தது. அக்கா ஏசி மூடியைத் திறந்து வலையை உருவிச் சாமியின் கையில் கொடுத்தாள். பழைய போர்வை கனம். சாமி தும்மினார். காணிக்கை கொடுத்தவர்களுக்குச் சிரிப்பு சீக்கிரமே அடங்கியது. "எங்க பணம்?" என்று ஒரு குரல் கேட்டதும் சீடன் முதலில் ஓடினான். சாமிக்கு லிப்ட்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. படியில் இறங்கியவரைத் துரத்திக்கொண்டு ஆறு குடும்பம் இறங்கியது.

வீட்டில் அம்மா பெட்டியைத் திறந்து சட்டைகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். மருமகளை நிமிர்ந்து பார்க்கவில்லை.

"பாப்பாவை இப்படிக் குடும்மா" என்றார். வாங்கி மடியில் போட்டுக்கொண்டார். "பச்சக் கொழந்தையைப் போய்... என்னைச் சொல்லணும்."

"உங்களை மட்டுமில்ல அத்தை" என்றாள் மருமகள், கணவனைப் பார்த்து. காசாளர் தலையைத் தடவிக்கொண்டார்.

கதை இங்கே சுபமாக முடிந்திருக்க வேண்டும். மாலையில் மறுபடி கதவு தட்டப்பட்டது. கெட்ட கொலஸ்ட்ரால் மாமா நின்றார். பின்னால் ஏழெட்டுப் பேர். எல்லார் கையிலும் பேனா.

"அம்மா, சாமி ஃபிராடுன்னு தெரிஞ்சுபோச்சு. உங்க யூரியா மந்திரந்தான் நெஜ மந்திரம். கொஞ்சம் நிதானமா சொல்லுங்க, எழுதிக்கறோம். கிழக்கே பாத்து சொல்லணுமா, மேற்கே பாத்தா?"

அக்கா அவர்களை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

"எங்கயும் பாக்க வேணாம் மாமா. மூடியைத் திறந்து உள்ளே பாருங்க. ஏசி மூடியை மட்டும் சொல்லல."