கோட்டுப் பையில் ஒரு வார்த்தை

"இதுக்கு என்ன அர்த்தம்னு நீங்களே படிச்சுச் சொல்லுங்க" என்று வக்கீல் ஒரு மஞ்சள் சீட்டைச் சலவைக் கடையின் மேசைமேல் வைத்தார்.

கடைக்காரர் சீட்டை எடுத்துப் பார்த்தார். முன்பக்கம் இங்கிலீஷ். பின்பக்கம் அவருடைய மகளின் குண்டு குண்டான கையெழுத்தில் தமிழ்: 'வெர்போஸ் – தேவைக்கு மேல் வளவளவென்று பேசுகிற.'

"வளவளன்னு பேசறதுன்னு அர்த்தம் சார்" என்றார், உதவி செய்கிற குரலில்.

"அது எனக்கும் தெரியும்யா! என் கோட்டுப் பாக்கெட்டுக்குள்ள இது எப்படி வந்துச்சு?"

அன்று காலை கோர்ட்டில் வக்கீல் நாற்பது நிமிஷம் மூச்சு விடாமல் வாதாடியிருக்கிறார். நீதிபதி நடுவில் ஒரு பத்திரத்தின் தேதியைக் கேட்டார். தேதியைக் குறித்து வைத்த சீட்டு என்று நினைத்து, வக்கீல் பையிலிருந்து இதை எடுத்து நீட்டிவிட்டார். நீதிபதி முன்னும் பின்னும் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினாராம். "இது உங்க ஒப்புதல் வாக்குமூலமா?" என்று கேட்டாராம்.

கடைக்காரர் சிரிப்பை அடக்க மேசைக்கு அடியில் எதையோ தேடுவதுபோல் குனிந்தார்.

அவரைத் தெருவில் எல்லோரும் மடிப்பு என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கடையிலிருந்து வரும் பேன்ட்டின் மடிப்பை வைத்துக் காய் நறுக்கலாம் என்று பேச்சு. கடையில் மூன்று பேர். முன்னால் மடிப்பு. பின்னால் நீராவிப் பெட்டியோடு இஸ்திரிக்காரம்மா. எட்டு வருஷமாக அங்கே நிற்கிறார். அவர் பேசியதைவிட அவருடைய பெட்டி புஸ்ஸென்றது அதிகம். பள்ளிப் பரீட்சை முடிந்ததிலிருந்து மூன்றாவதாக மகள். துணிக்கு நம்பர் சீட்டுக் குத்துவது அவள் வேலை.

கல்லூரி நுழைவுத் தேர்வுக்கு இன்னும் மூன்று வாரம்தான். கணக்கு அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. இங்கிலீஷ் வார்த்தைகள்தான் இந்தக் காதில் நுழைந்து அந்தக் காதில் வெளியேறின. வார்த்தைகளைச் சீட்டில் எழுதிக் கையோடு வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் டியூஷன் மிஸ். கடையில் மஞ்சள் சீட்டுக்குப் பஞ்சமா? அறுநூற்றுப் பன்னிரண்டு வார்த்தைகளை எழுதி ஒரு பிஸ்கட் டப்பாவில் போட்டு மேசைமேல் வைத்திருந்தாள். சட்டைக்கு நம்பர் குத்திக்கொண்டே காலையிலிருந்து சாயங்காலம்வரை கடை முழுக்கக் கேட்கும்படி ஒப்பிப்பாள்.

வக்கீல் போனதும் மடிப்பு மகளைக் கூப்பிட்டார். "நம்பர் சீட்டும் மஞ்சள், வார்த்தைச் சீட்டும் மஞ்சள். மாத்திப் போட்டுட்டியாம்மா?"

"சத்தியமா இல்லப்பா. எனக்கே நாலஞ்சு சீட்டக் காணோம். வராத வார்த்தையாப் பாத்து முன்னாடி எடுத்து வைப்பேன். அதுதான் போகுது."

"டப்பா மேசையில இருந்தா அப்படித்தான் ஆகும்" என்று முடிவுகட்டிய மடிப்பு, அதை உயரமான அலமாரியின் உச்சியில் ஏற்றினார். மூடியைக் காணவில்லை. அதனால் என்ன?

இரண்டு நாள் கழித்துப் பல் டாக்டர் வந்தார். வெள்ளைக் கோட்டைக் கையில் சுருட்டிப் பிடித்திருந்தார்.

"கேலஸ்" என்றார்.

"என்ன சார்?"

"'அடுத்தவர் வலியைப் பொருட்படுத்தாத.' பாக்கெட்டுல பாதி வெளிய நீட்டிக்கிட்டு இருந்துருக்கு. நான் கவனிக்கல. நாற்காலியில வாயத் திறந்து படுத்திருந்த ஆள் கவனிச்சுட்டாரு. பாதி அடைச்ச பல்லோட எந்திரிச்சு ஓடிட்டாருய்யா!"

மடிப்பு மேலே பார்த்தார். அலமாரி உச்சிக்கு நேர் மேலே ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அவருக்குப் புரிந்துவிட்டது.

"ஃபேன் காத்து சார். எடுத்து வீசியிருக்கு. உங்க நேரம், அந்தச் சீட்டு வந்து விழுந்துடுச்சு."

"அத்தனை சீட்டுல அதுதானா விழணும்?"

"அதான் சார் எனக்கும் ஆச்சரியம்."

டாக்டர் போன பிறகு மடிப்பு டப்பாவை இறக்கி, உட்கார்ந்து ஒரு மணி நேரம் சீட்டுகளைப் பிரித்தார். திட்டுகிற வார்த்தைகள் ஒரு பக்கம், மற்றதெல்லாம் இன்னொரு பக்கம்.

"இனிமே கடையில நல்ல வார்த்தையா மட்டும் படி. மோசமானத வீட்டுக்குக் கொண்டு போயிடு."

"பரீட்சையில ரெண்டும் கேப்பாங்கப்பா."

"அதான் வீட்டுல படின்னு சொல்றேன்ல. விழுந்து தொலைச்சாலும் யாரும் கோவிச்சுக்கக் கூடாது பாரு."

டப்பாவையும் ஃபேனுக்கு எட்டாமல் ஜன்னல் ஓரத்தில் வைத்தார். மறுநாளே ஜன்னல் காற்று தன் வேலையைக் காட்டியது. ஓய்வு பெற்ற நர்ஸம்மாவின் சட்டைப் பையில் 'கம்பாஷனேட் – இரக்க குணமுள்ள' போயிருந்தது. அவர் கடைக்கே வந்து மகளின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினார். தபால் ஆபீஸ் குமாஸ்தாவுக்கு 'மெட்டிகுலஸ் – ஒவ்வொன்றையும் நுணுக்கமாகக் கவனிக்கிற'. அதை அவர் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் வைத்துவிட்டதாகச் செய்தி வந்தது.

மடிப்புக்கு நிம்மதி. அது மூன்று நாள் நீடித்தது. அதற்குள் துணி வாங்க வருகிறவர்கள் துணியை விரித்துக் கறை போயிற்றா என்று பார்ப்பதை விட்டுவிட்டுப் பைக்குள் கைவிட்டுத் துழாவ ஆரம்பித்திருந்தார்கள். நான்காம் நாள் இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் வந்து நின்றார்.

"எங்க பில்டிங்ல கீழ் வீட்டுக்கு வந்துருக்கு, எதிர் வீட்டுக்கு வந்துருக்கு. வாட்ச்மேன் யூனிஃபார்ம்ல கூட 'விஜிலன்ட் – விழிப்பாக இருக்கிற'னு வந்துருக்கு. நான் ஆறு வருஷமா இங்கதான் போடறேன். ஏழு சட்டையத் தடவிப் பாத்துட்டேன், ஒண்ணுமில்ல. எனக்கு மட்டும் நல்ல வார்த்தையே கிடையாதா?"

"ஐயோ, அது நாங்களா வைக்கிறதில்ல சார்! காத்துல..."

"காத்துக்கு என்னைப் பிடிக்கலயா?"

ஏஜென்ட்டின் குரல் கொஞ்சம் உடைந்ததுபோல் இருந்தது. மடிப்பு இளகிய மனசுக்காரர். தன் சட்டைப் பையைத் துழாவினார். தரையில் கிடந்து பொறுக்கிய சீட்டு ஒன்று அதில் இருந்தது. தண்ணீர் பட்டுத் தமிழ் எழுத்தில் முதல் சொல் அழிந்திருந்தது. மிச்சத்தைப் படித்தார்: 'பெயர் எடுத்த.'

"இந்தாங்க சார், உங்களுக்குன்னே இருக்கு. நொட்டோரியஸ்! பேர் எடுத்தவர்னு அர்த்தம்."

ஏஜென்ட் அதை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார்.

வார முடிவில் அவருடைய ஆபீஸ் வாசலில் புதுப் பலகை ஏறியது. சிவப்புப் பின்னணியில் பெரிய இங்கிலீஷ் எழுத்துகள்: 'உங்கள் பகுதியின் நொட்டோரியஸ் ஏஜென்ட்.' அந்த வழியாகப் போன டியூஷன் மிஸ் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, சிரிப்பு அடங்குகிறவரை கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாராம். பிறகு உள்ளே போய் அர்த்தத்தைச் சொல்லியிருக்கிறார்.

ஏஜென்ட் கடைக்குள் வந்த வேகத்தில் தொங்கிய சட்டைகளெல்லாம் ஆடின.

"கெட்ட பேர் எடுத்தவனாய்யா நான்? நாலு நாளா அந்தப் பலகைக்குக் கீழ நின்னு போட்டோ எடுத்து ஊருக்கெல்லாம் அனுப்பியிருக்கேன்யா! என் மாமியார் வாழ்த்துச் சொன்னாங்க. என்னைக்கும் சொல்லாதவங்க! அப்பவே சந்தேகப்பட்டிருக்கணும்."

"அந்த 'கெட்ட' மட்டும் தண்ணியில போயிடுச்சு சார்" என்றார் மடிப்பு பரிதாபமாக.

அன்றோடு மடிப்புக்குப் பொறுமை போயிற்று. தேர்வுக்கு இரண்டே நாள் இருந்தது. வீட்டில் இருந்ததையும் கொண்டுவரச் சொல்லி, மொத்தச் சீட்டையும் டப்பாவில் அடைத்தார். காற்றோ ஃபேனோ தொடவே முடியாத இடமாகத் தேடினார். ஒரு லாட்ஜிலிருந்து வந்த பதினெட்டுத் திரைச்சீலைகள் மூட்டையாகக் கிடந்தன. அதன் நடுவில் டப்பாவைத் திணித்துவிட்டு, சாப்பிடப் போகும்முன் கொஞ்ச நேரம் எடுத்துத் தருவதாக மகளிடம் சொன்னார்.

பத்து நிமிஷத்தில் லாட்ஜிலிருந்து போன். திரைச்சீலை இன்றே வேண்டுமாம். "இதோ போட்டுட்டேன் சார்!" என்று மடிப்பு மூட்டையை அப்படியே மெஷினில் தள்ளிப் பொத்தானை அமுக்கினார். உள்ளே கடமுடவென்று சத்தம் கேட்டது. "கொக்கிய எடுக்காமக் குடுத்துருக்காங்க" என்று முணுமுணுத்துக்கொண்டார். பாதி துவைத்து முடிந்தபோதுதான் அவருக்கு டப்பாவின் ஞாபகம் வந்தது.

டப்பா பளபளவென்று சுத்தமாக வெளியே வந்தது. காலியாக. பதினெட்டுத் திரைச்சீலைகளிலும் மஞ்சள் கூழ் பொட்டுப் பொட்டாக ஒட்டியிருந்தது. ஒன்றில் 'ஃப' மட்டும் தெரிந்தது.

மகள் அழவில்லை. அதுதான் மடிப்பைக் கலக்கியது. ஸ்டூலில் உட்கார்ந்து டப்பாவுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"திட்டிடும்மா" என்றார்.

"திட்டறதுக்கு நல்ல வார்த்தையா ஒரு ஐம்பது வச்சிருந்தேன்பா. அதுவும் போயிடுச்சு."

அந்த நேரம் பார்த்து வக்கீல் வந்தார். "என்ன, கடையில சத்தமே இல்ல? பாப்பா ஒப்பிக்கறது தெருமுனை வரைக்கும் கேக்குமே?" விஷயத்தைக் கேட்டதும் தன் மணிபர்சைத் திறந்தார். உள்ளே மஞ்சள் சீட்டு பத்திரமாக இருந்தது. "இதையாவது வச்சுக்கோம்மா. உண்மையச் சொல்லணும்னா, அன்னையிலிருந்து பதினஞ்சு நிமிஷத்துக்கு மேல நான் பேசறதில்ல. ரெண்டு கேஸ் ஜெயிச்சுட்டேன்."

"உங்களுக்கே இருக்கட்டும் சார். வெர்போஸ் எனக்கு மறக்கவே மறக்காது. உங்களப் பாத்தாலே..." என்று சொன்னவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

வக்கீல் முறைத்தார். பிறகு உதட்டோரம் சிரித்தார். "பல் டாக்டரப் பாத்தா?"

"கேலஸ்."

"நர்ஸம்மா?"

"கம்பாஷனேட். குமாஸ்தா சார் மெட்டிகுலஸ். ஏஜென்ட் அங்கிள்..." அவள் எழுந்து நின்றுவிட்டாள். "அப்பா! வராத வார்த்தையெல்லாம் வருதுப்பா!"

மடிப்பு ஓடிப்போய் வாடிக்கையாளர் நோட்டை எடுத்து வந்தார். கடையில் துணி போடுகிறவர்கள் மொத்தம் நூற்று ஐம்பத்து மூன்று பேர். ஆளுக்கு நாலு குணம் என்று வைத்தால் அறுநூற்றுப் பன்னிரண்டு சரியாக வந்தது. பாடப் புத்தகத்தை வக்கீல் விரித்துப் பிடிக்க, நோட்டை மடிப்பு படிக்க, மகள் ஊரையே வரிசையில் நிறுத்தி வார்த்தை மாட்டினாள். மருந்துக்கடைக்காரருக்கு மூன்று சண்டைக்கார வார்த்தை, ஒரு தாராள வார்த்தை. மாடி வீட்டுப் பாட்டு டீச்சருக்கு நாலும் சத்தம் சம்பந்தப்பட்டது. அடுத்த நாள் முழுக்கவும் அதே வேலை. யார் துணி கொண்டு வந்தாலும் மகள் அவர்களை ஏற இறங்கப் பார்த்து எதையோ முணுமுணுத்தாள். வந்தவர்கள் காலரைச் சரிசெய்துகொண்டார்கள்.

தேர்வு நடந்தது. ஒரு மாதத்தில் முடிவும் வந்தது. இங்கிலீஷ் பகுதியில் நாற்பதுக்கு முப்பத்தெட்டு. அவள் கேட்ட கல்லூரியிலேயே இடம். சேதி கேட்டு வக்கீல், பல் டாக்டர், நர்ஸம்மா, குமாஸ்தா என்று கடையில் கூட்டம். ஏஜென்ட்டும் வந்திருந்தார். பலகையை மாற்றவில்லையாம், வேடிக்கை பார்க்க வருகிறவர்களில் பாதிப்பேர் உள்ளே வந்து பாலிசி எடுக்கிறார்களாம்.

"ரெண்டு எதும்மா தப்பாப் போச்சு?" என்று குமாஸ்தா கேட்டார். அவர் கேட்காவிட்டால்தான் அதிசயம்.

"ஒண்ணுக்கு அர்த்தம் தன்னடக்கம், இன்னொண்ணுக்கு மிதமாப் பேசறது சார். நோட்டு முழுக்கத் தேடிட்டோம். அந்த ரெண்டுக்கும் நம்ம தெருவுல ஆளே கிடைக்கல."

எல்லோரும் பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துச் சிரித்தார்கள்.

கூட்டம் கலைந்து கடை அடங்கியது. மடிப்பு ஸ்டூலில் சாய்ந்து உட்கார்ந்து, வயிறு நிறைந்த மாதிரி ஒரு பெருமூச்சு விட்டார். பின்னால் இஸ்திரிக்காரம்மா குமாஸ்தாவின் சட்டையை மடித்து உறையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"எப்படிப் பாத்தாலும் அதிசயம்தாம்மா" என்றார் மடிப்பு அவரிடம். "வளவள வக்கீலுக்கு வெர்போஸ், இரக்கமுள்ள நர்ஸுக்குக் கம்பாஷனேட். ஒண்ணாவது ஆள் மாறிப் போச்சா? அந்தக் காத்துக்கு என்ன மூளை பாரேன்!"

இஸ்திரிக்காரம்மா பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"காத்துக்கு ஏதுண்ணே இங்கிலீஷ்? பாப்பாவுக்கு வராத வார்த்தையா எடுத்து, நான்தான் ஆள் பாத்து ஒவ்வொண்ணா வச்சேன்."