பேட்டரிக்கு உயிர் பார்த்த ஞானி

ஏரிக்கரையில் அன்று காலை கூட்டம் நெரிந்தது. யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. எல்லோரும் பேட்டரிக்கு வைத்தியம் பார்க்க வந்தவர்கள்.

குடிநீர் ஏரி என்பதால் அங்கே எண்ணெய் எஞ்சினுக்குத் தடை. படகின் பின்னால் கைக்கு அடக்கமாக ஒரு மின்சார மோட்டார். அதற்குத் தீனி போட ஒரு பேட்டரி. எந்தப் பேட்டரி வாங்குவது என்று படகுக்காரர்கள் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் பேட்டரி ஞானி அவதரித்தார். அதற்கு முன்பு கார் பட்டறை ஒன்றில் வேலை பார்த்தாராம். அவதாரத்துக்கும் முன்அனுபவம் வேண்டும்தானே!

அவர் முறை எளிமையானது. பேட்டரியின்மேல் காதை வைப்பார். கண்ணை மூடுவார். "உம்" என்பார். பிறகு தடித்த கம்பி ஒன்றை எடுத்துப் பேட்டரியின் இரண்டு முனைகளிலும் உரசுவார். பட்டென்று பொறி பறக்கும். "உயிர் இருக்கு!" என்பார். கூட்டம் வாயைப் பிளக்கும். இப்படி உயிர் பெற்றவை எல்லாம் அவரே விற்கும் நீலச் சாயம் பூசிய பேட்டரிகள். கடையில் வாங்கி வந்தவற்றை மட்டும் துருப்பிடித்த மெல்லிய கம்பியால் உரசுவார். பொறி வராது. "பிணம்" என்பார். கம்பி ஏன் மாறுகிறது என்று யாரும் கேட்கவில்லை. ஞானியைக் கேள்வி கேட்பது மரியாதையில்லையாம்.

படகில் துடுப்பு வைக்கவும் கூடாது. "துடுப்பைப் பார்த்தா பேட்டரிக்கு மனசு ஒடிஞ்சிடும்" என்று சொல்லியிருந்தார். பேட்டரியின் மனசை ஒடிப்பானேன் என்று ஊரே துடுப்பை வீட்டுப் பரணில் போட்டுவிட்டது.

எதிரே பேட்டரிக் கடைக்காரர் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் செய்த பாவம், வருகிறவர்களிடம் கேள்வி கேட்டதுதான். "மோட்டார் எவ்வளவு கரண்ட் இழுக்கும்? ஒரு நடைக்கு எத்தனை மணி நேரம் ஓட்டுவீங்க? எத்தனை பேர் ஏறுவாங்க?" கணக்குப் பாடத்துக்குப் பயந்து படகு ஓட்ட வந்தவர்களிடம் இப்படியா பேசுவது?

கூட்டத்தின் முன்வரிசையில் ஒரு படகுக்காரர் நின்றார். அக்கரைக்கு ஆள் ஏற்றுபவர். அவர் வாங்கிய நீலப் பேட்டரி போன வாரம் நடு ஏரியில் நின்றுபோனது. படகில் அவர் மகளும் இருந்தாள். தண்ணீர் வழிந்து பாறையில் விழும் கலங்கல் பக்கமாகக் காற்று படகைத் தள்ளியது. வழியில் பாசியில் சிக்கியதால் இருவரும் பிழைத்தார்கள். பாசிக்கு நன்றி சொல்ல வேண்டிய மனிதர், ஞானியிடம் இன்னொரு பேட்டரி வாங்க வந்திருந்தார். மறுநாள் மகள் அந்தப் படகில்தான் பள்ளிக்கூடம் போக வேண்டும்.

மனைவியும் கூட வந்திருந்தாள். பயத்தில் பாதியும் கோபத்தில் பாதியுமாக அவளுக்கு ஒரு வாரமாகத் தூக்கமில்லை.

"ஐயா, நீங்க கொடுத்தது பாதி வழியில நின்னுபோச்சுங்க" என்றார் படகுக்காரர், தானே தப்புச் செய்ததுபோல.

ஞானி காதைக்கூட வைக்கவில்லை. "உன் வீட்ல யாரோ சந்தேகப்படுறாங்க. சந்தேகம் சார்ஜைக் குடிச்சிடும்."

கூட்டம் மனைவியைத் திரும்பிப் பார்த்தது. கரண்ட் திருடியைப் பார்க்கிற பார்வை.

"நான்தாங்க ஐயா" என்றாள் அவள். "அதனால நான் கரையிலயே நின்னுக்கறேன். சந்தேகமே இல்லாத ஆள் படகுல ஏறட்டும். நீங்க ஏறுங்க."

"சும்மா இருடி! ஐயாவைப் போயி..." என்று கணவர் பல்லைக் கடித்தார்.

"ஏங்க, நம்ம பொண்ணு ஏறலாம், ஐயா ஏறக்கூடாதா?"

"ஐயா ஏறினா படகு பறக்கும்!" என்று ஒரு பக்தர் கத்தினார். ஞானி அவரை முறைத்தார். எதிரியைச் சமாளித்துவிடலாம், பக்தரைச் சமாளிப்பதுதான் கஷ்டம்.

அவள் கரையில் நின்ற இரண்டு படகுகளைக் காட்டினாள். "இது எங்க படகு. இப்ப நீங்க தரப்போற நீலப் பேட்டரியை இதுல வைப்போம். அது என் தம்பி படகு. கடையில வாங்கின பேட்டரி, நீங்க பிணம்னு சொன்னீங்களே, அதேதான். ரெண்டுலயும் துடுப்பு இல்ல. அக்கரைக்குப் போயிட்டு வரணும். எதுல ஏறுறீங்க?"

நீலப் பேட்டரி பொருத்தப்பட்டது. காற்று பலத்திருந்தது. கலங்கலின் இரைச்சல் கரைவரை கேட்டது. ஞானி கண்ணை மூடினார். எந்தப் பேட்டரிக்கும் அவர் அவ்வளவு நேரம் கண்ணை மூடியதில்லை. பிறகு செருப்பைக் கழற்றினார். வேட்டியைத் தூக்கிப் பிடித்தார். தம்பியின் படகில் ஏறி உட்கார்ந்தார்.

"ஐயா, அது பிணமாச்சே!" என்றார் பக்தர்.

"பிணத்தை எழுப்பத்தான் ஏறினேன்."

முதலில் வாய் திறந்தவர் அந்தப் படகுக்காரர். "உசுரு இருக்கற பேட்டரியில என் பொண்ணு போகணும், பிணத்துல நீங்க போவீங்களா?"

நீலப் பேட்டரியைக் கத்தியால் சுரண்டினார். சாயத்துக்கு அடியில் ஒரு கார் படம் இருந்தது. கடைக்காரர் எழுந்து வந்து பார்த்தார். "கார் ஸ்டார்ட் பண்றதுக்கான பேட்டரிங்க. ஒரே உதை, அத்தோட இதோட வேலை முடிஞ்சுது. மணிக்கணக்கா படகு ஓட்ட இது ஆகாது. அதுலயும் இது பழசு, பட்டறையில கழிச்சுப் போட்டது."

யாரோ ஞானியின் தடித்த கம்பியை எடுத்துக் கடையிலிருந்த ஒரு பேட்டரியில் உரசினார். பட்டென்று பொறி பறந்தது.

எல்லோரும் ஒன்றாகத் திரும்பியபோது தம்பியின் படகு கரையில் இல்லை. ஞானி மோட்டாரை முழு வேகத்தில் முறுக்கி அக்கரையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார். பிணம் வழியில் எங்கும் நிற்கவில்லை. படகை மாலையில் அக்கரையிலிருந்து மீட்டு வந்தார்கள். ஞானி அதில் இல்லை.

பக்தருக்குத்தான் ஆறவில்லை. "அப்ப இனிமே நாங்க யாரைத்தாம்மா நம்பறது?"

"உங்க பிள்ளைய ஏத்தறதுக்கு முன்னாடி, சொல்றவரை ஏறச் சொல்லுங்க" என்றாள் அவள். "அதுக்கு ஞானம் வேண்டாம், கொஞ்சம் புத்தி போதும்."

பக்தர் நேரே கடைக்குப் போனார். எல்லாப் பேட்டரியும் இருந்தது. புத்தி மட்டும் அங்கே விற்பதில்லையாம். அவரவர் வீட்டிலிருந்தே கொண்டுவர வேண்டுமாம்.