பல் டாக்டர் கடித்துப் பார்த்த செயின்சா

நடந்தவை, வரிசையாக:

1. ஆயுத பூஜைக்கு ஒரு மாதம் இருக்கும்போது எங்கள் கம்பெனியின் பெரிய செயின்சா பிஸ்டன் சிக்கிச் செத்தது.
2. அடுத்தது புதுசா, பழசா என்று முடிவுசெய்ய பாஸ் என்னை ஓர் அட்டவணை போடச் சொன்னார்.
3. பல் டாக்டர் அந்த அட்டவணையை நான்காக மடித்து, லோரியில் ஆடிக்கொண்டிருந்த கண்ணாடிக்கு முட்டுக் கொடுத்தார். பிறகு தங்காக் ஊருக்குப் போய் ஒரு பழைய மெஷினைக் கடித்துப் பார்த்து வாங்கினார்.
4. அந்த மெஷின் ஒரு முக்கியமான காலையில் ஐந்து தடவை நின்றது.
5. பல் டாக்டருக்கு வேலை போனது.
6. மெஷினில் ஒரு கோளாறும் இல்லை.

ஆறாவது எனக்குத் தெரியவந்தது ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து. அதுவரை முதல் ஐந்தும் ஒழுங்கான வரிசையாகவே தெரிந்தன.

மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் செயின்சாவைக் கடித்துப் பார்த்து வாங்கிய மனிதர் அவர் ஒருவர்தான். மற்ற மாநிலங்களைப் பற்றியும் எனக்குச் சந்தேகம் இல்லை. பெர்மாஸ் ஜெயாவில் மரம் வெட்டும் கம்பெனி ஒன்றில் மெஷின்களைப் பார்த்துக்கொள்ளும் டெக்னீஷியன் நான். டிப்ளோமா உண்டு, கம்ப்ரஷன் மீட்டர் உண்டு, எல்லாவற்றுக்கும் ஒரு பட்டியல் உண்டு. பல் டாக்டர் அங்கே தலைமை மரவெட்டி. முப்பது வருடம் ரப்பர் மரம் சாய்த்தவர். காதுக்கு மாட்ட எதையும் கொடுக்காத எஸ்டேட்டுகளில் சாய்த்ததால், இரண்டு காதும் முக்கால்வாசி போய்விட்டன. பேச்சை உதட்டைப் பார்த்துப் பிடித்துக்கொள்வார், இன்ஜின் சத்தம் கேட்காது. அதனால் ஓடும் மெஷினின் பின் கைப்பிடியை மேல் பல்லால் கவ்விக்கொண்டு கண்ணை மூடுவார். அதிர்வு தாடை எலும்பு வழியாக உள்ளே போகும். அரை நிமிடத்தில் கண்ணைத் திறந்து தீர்ப்புச் சொல்வார்.

"கார்ப்புரேட்டர் நல்லாத்தான் இருக்கு. பேரிங் பேசுது. ஆறு மாசம் தாங்கும்."

ஆறு மாதம்தான் தாங்கும். நான் இரண்டு தடவை குறித்து வைத்துப் பார்த்திருக்கிறேன். இரண்டு தடவையும் எரிச்சலாக இருந்தது.

செயின்சாவின் பல்லைத் தீட்டுகிறவர், தன் பல்லால் செயின்சாவைப் பார்க்கிறவர். அதனால் பல் டாக்டர். பக்கத்துக் கடைக்குப் புதிதாக வந்த ஒருவர் இந்தப் பேரை நம்பி, வீங்கிய கன்னத்தோடு ஒருநாள் வந்துவிட்டார். பல் டாக்டர் அவரைத் திருப்பி அனுப்பவில்லை. நாற்காலியில் உட்காரவைத்து, வாயைத் திறக்கச் சொல்லி, டார்ச் அடித்துப் பார்த்து, "புடுங்கிடணும்லா" என்றார். கையில் அரம் இருந்தது. வந்தவர் போன வேகத்தில் அவருடைய ஒரு செருப்பு எங்களிடமே தங்கிவிட்டது.

புதுப் பொருள் எதையும் அவர் நம்பியதில்லை. மோட்டார், கைக்கடிகாரம், அடுப்பு எல்லாம் யாரோ ஒருவர் வைத்திருந்தவை. மூக்குக் கண்ணாடிகூடப் பழைய சாமான் சந்தையில் நாலைந்து மாட்டிப் பார்த்து எடுத்ததுதான்.

"ஏன் அங்கிள், அந்தக் கண்ணாடி உங்க பவர்தானா?"

"என் பவருக்குக் கிட்ட வருது. மிச்சத்த நான் அட்ஜஸ்ட் பண்ணிக்குவேன்."

என் அட்டவணை இரண்டு பத்தி. இடது பக்கம் புதுசு: உத்தரவாதம், கைக்கு அதிர்வு குறைவு, செயின் பிரேக் நம்பகமானது, உதிரிபாகம் உடனே கிடைக்கும். வலது பக்கம் பழசு: பாதி விலை, அவ்வளவுதான். மற்ற கட்டங்களில் "தெரியாது" என்று எழுதியிருந்தேன். முன்பு யார் ஓட்டினார்கள், எண்ணெய் சரியாகக் கலந்தார்களா, எத்தனை தடவை கீழே போட்டார்கள், எல்லாம் தெரியாது.

பல் டாக்டர் அதைப் படித்துவிட்டு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்.

"இஞ்சினியரம்மா, புதுசு யாருன்னே நமக்குத் தெரியாது. எப்பக் கெடும், எப்பிடிக் கெடும், ஒண்ணும் தெரியாது. பழசு ஏற்கெனவே ஒரு வாட்டி கெட்டுப்போயி திருந்தினது. அதுகிட்ட பயம் இல்ல."

பாஸுக்குப் பாதி விலை என்ற கட்டம் மட்டும்தான் கண்ணில் பட்டது. தங்காக்குக்கு நானும் கூடப்போனேன். துணிக்கடைகளைத் தாண்டி, பின் தெருவில் ஒரு சீனக் கிழவரின் பட்டறை. மெஷினுக்குப் பத்து வயது இருக்கும். மேல்மூடி முழுக்கக் கீறல். நான் என் பட்டியல்படி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். சைலன்சரைக் கழற்றி பிஸ்டனில் கோடு விழுந்திருக்கிறதா என்று பார்த்தேன். விழவில்லை. கம்ப்ரஷன் நூற்று ஐம்பத்தைந்து. நல்ல எண். அதற்குள் பல் டாக்டர் மெஷினை ஸ்டார்ட் செய்து வாயில் வைத்துவிட்டார்.

கிழவர் என்னைப் பார்த்து நெற்றியோரம் விரலைச் சுழற்றினார். "கீலா?"

"தீடாக்" என்று தலையாட்டி மறுத்தேன். "டாக்டர்."

பல் டாக்டர் கண்ணைத் திறந்தார். ஒரு முழு நிமிடம் ஆகியிருந்தது. "வாங்கிடலாம். இது என்னைவிட நல்லா இருக்கு."

ஆயுத பூஜை வந்தது. மற்ற இடங்களில் புத்தகமும் கணினியும் வைப்பார்கள். எங்கள் மேசையில் பதினொரு செயின்சா. பொட்டு வைக்கும் வேலை எனக்கு, கை நடுங்காது என்பதால். சந்தனத்தைப் பன்னீரில் கெட்டியாகக் குழைத்து, ஒரே அளவில், நடுவில் குங்குமம் வைத்தேன். பத்து மெஷினுக்கும் மேல்மூடியில் வைத்தேன். தங்காக் மெஷினின் மேல்மூடி கீறலும் பள்ளமுமாக இருந்தது. பெட்ரோல் டாங்கின் மூடி மட்டும் வட்டமாக, சமமாக, நெற்றி மாதிரி இருந்தது. அங்கே வைத்தேன்.

"கல்யாணப் பொண்ணு மாதிரி இருக்கு" என்றார் பல் டாக்டர்.

அவருக்கு ஒரு விதி இருந்தது. பூஜையில் வைத்த மெஷினை, அந்தப் பொட்டு தானாக உதிரும்வரை கடிக்கமாட்டார். சாமிக்கு வைத்ததில் எச்சில் படக்கூடாது. வருடத்தில் பத்து நாள் அவர் உண்மையிலேயே செவிடாக இருந்தது அப்போதுதான்.

பூஜை முடிந்த மூன்றாம் நாள் அந்த முக்கியமான காலை. பெரிய தாமான் குடியிருப்பு ஒன்றின் மரங்களை இரண்டு வருடத்துக்குப் பார்த்துக்கொள்ளும் ஒப்பந்தம். நிர்வாகக் குழுவில் ஐந்து பேர், கார் நிறுத்துமிடத்தில் சாய்ந்து கிடந்த தூங்குமூஞ்சி மரத்தை நாங்கள் எப்படி வெட்டுகிறோம் என்று பார்க்க வந்திருந்தார்கள். பல் டாக்டர் டாங்க் மூடியை விரல் நுனியால், பொட்டு கலையாமல், விளக்கைத் தூக்குகிற மாதிரித் திறந்து பெட்ரோல் ஊற்றி மூடினார்.

மெஷின் நாலு நிமிடம் பாடியது. பிறகு இருமியது. நின்றது.

மூடியைத் திறந்து பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. மூடினார், இழுத்தார், உடனே ஸ்டார்ட் ஆனது. நாலு நிமிடம். நின்றது. இப்படி ஐந்து தடவை. குழுவில் ஒருவர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பாஸ் என்னைப் பார்த்தார்.

"மூச்சு முட்டுதா, பசியான்னு தெரியல. கடிச்சாத் தெரியும்" என்றார் பல் டாக்டர்.

நான் ஏர் ஃபில்டரைக் கழற்றிப் பார்த்தேன். சுத்தமாக இருந்தது. "காத்து நல்லாப் போகுது அங்கிள். அப்ப கடிச்சுத்தான் பாருங்களேன்."

"பொட்டு இருக்குலா."

"அலமாக், டாக்டரே" என்று பாஸ் தலையில் கை வைத்தார். "கான்ட்ராக்ட் போவுது, நீங்க பொட்டப் பாக்கறீங்க."

ஒப்பந்தம் போனது. பட்டறைக்கு வந்து நான் மெஷினை இரண்டு நிமிடம் மெதுவாக ஓடவிட்டேன். நிற்கவில்லை. கம்ப்ரஷன் எடுத்தேன். அதே நூற்று ஐம்பத்தைந்து. ரிப்போர்ட்டில் "வயது காரணமான பொதுவான தேய்மானம், பழுதுபார்ப்பது லாபமில்லை" என்று எழுதினேன். கையில் இருந்த எண் வேறு சொன்னது. ஆனால் என் அட்டவணையின் இடது பத்தி ஜெயித்திருந்தது. அந்த மதியம் எனக்குப் பசி நன்றாக எடுத்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

பாஸ் அந்த வரியை இரண்டு தடவை படித்தார். மறுநாள் பல் டாக்டரைக் கூப்பிட்டு, மேசையைப் பார்த்துக்கொண்டே, தாழ்ந்த குரலில் என்னவோ சொன்னார். இவருக்குக் கேட்கவில்லை. என்னிடம் திரும்பினார்.

"என்னா சொல்றாரு?"

"புது மெஷின் வாங்கறாராம் அங்கிள்."

"சரி, வாங்கட்டும். வேற என்னமோ சொன்னாரே?"

பாஸ் ஜன்னலைப் பார்த்தார். நான் அவர் காதருகே போய்ச் சொன்னேன். கேட்கவில்லை. இன்னும் உரக்கச் சொன்னேன். கேட்கவில்லை. கடைசியில் கத்தவேண்டியிருந்தது. "ஆளையும் மாத்தறாராம், அங்கிள்."

அந்த வரிசைக் கடைகள் அத்தனைக்கும் கேட்டது. பக்கத்துக் கடைக்காரர் வெளியே வந்து பார்த்தார். பல் டாக்டர் தலையாட்டினார். தன் அரத்தை எடுத்துத் துணியில் சுற்றிக்கொண்டு, "அத மெதுவா சொன்னாலே போதுமேம்மா" என்றார்.

புது மெஷின் வந்தது, உத்தரவாதச் சீட்டோடு. கூடவே காது நன்றாகக் கேட்கிற ஓர் ஆளும் வந்தார்.

அடுத்த ஆயுத பூஜைக்கு முன்பு பாஸ் பட்டறையைச் சுத்தம் செய்யச் சொன்னார். தங்காக் மெஷின் அலமாரிக்கு மேல் கிடந்தது. இரும்புக் கடைக்குப் போடுவதற்கு முன் டாங்கைக் காலி செய்ய மூடியைக் கழற்றினேன். என் பொட்டு உதிரவே இல்லை. பெட்ரோல் ஈரம் பட்டுப் பட்டுக் கல்லாகியிருந்தது. ஸ்குரூடிரைவரால் சுரண்டினேன். அடியில் ஓர் ஊசித் துளை. பெட்ரோல் குறையக் குறைய டாங்குக்குள் காற்று போகிற துளை. அதை அடைத்தால் நாலு நிமிடத்தில் பெட்ரோல் வராமல் இன்ஜின் நிற்கும். மூடியைத் திறந்தால் காற்று போய், மறுபடி நாலு நிமிடம் ஓடும். முதல் செமஸ்டர் பாடம் இது. மெஷினுக்கு மூச்சும் முட்டியிருக்கிறது, பசியும் எடுத்திருக்கிறது. அவர் சொன்ன இரண்டுமே சரி.

பெட்ரோல் ஊற்றி ஸ்டார்ட் செய்தேன். டாங்க் காலியாகும்வரை ஓடியது.

பாஸிடம் சொன்னேன். "போனது போச்சுலா. அடுத்த பூஜைக்கு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டிடு" என்றார்.

பல் டாக்டர் இப்போது பெக்கான் நானாஸில், அன்னாசிப் பழம் சேர்க்கும் கிடங்கு ஒன்றில் காவலாளி. மெஷினைக் காரில் போட்டுக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை போனேன். நடந்ததை முகத்துக்கு நேராக உட்கார்ந்து, முடிந்த அளவு மெதுவாகச் சொன்னேன். மூடியையும் காட்டினேன்.

"நீ வச்ச பொட்டா?"

"ஆமா அங்கிள்."

சிரித்தார். "நானும் சாமி பேரச் சொல்லி வாய மூடிக்கிட்டேன்." மெஷினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "கம்ப்ரஷன் எவ்வளவு இருக்கு?"

"நூத்தி அம்பத்தஞ்சு."

"அன்னிக்கு?"

பொய் சொல்லியிருக்கலாம். "அன்னிக்கும் அதான்."

அவர் அதைக் கேட்டுக்கொண்டார். வாசலில் ஒரு லோரி வந்து நின்றது. எழுந்துபோய்க் கேட்டைத் திறந்து, லோரி உள்ளே போனதும் மூடி, பூட்டை இரண்டு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு மெஷினை ஸ்டார்ட் செய்து, கண்ணை மூடிக்கொண்டு, கைப்பிடியைக் கடித்தார். நீண்ட நேரம் கடித்தார். நிறுத்தியபோது என்னைப் பார்க்கவில்லை.

"நல்லா இருக்கு. நீயே வச்சுக்க. இங்க வெட்டறதுக்கு மரம் இல்ல."

இப்போதைய நிலவரம்: புது மெஷின் நன்றாக ஓடுகிறது. பழைய மெஷினும் நன்றாக ஓடுகிறது, என் மேசைக்கு அடியில் இருக்கிறது. அவர் காலை ஏழு மணியிலிருந்து கேட் திறந்து மூடுகிறார். பழைய மெஷினின் பின் கைப்பிடி ரப்பர் தேய்ந்துவிட்டது. என் பட்டியல்படி போன மாதமே மாற்றியிருக்க வேண்டும். புது ரப்பர் வாங்கி வைத்திருக்கிறேன். பழையதில் அவருடைய மேல் பல் இரண்டின் தடம் இருக்கிறது. மாற்றவில்லை.