ஹார்லனின் சத்தமில்லாத வண்டி

மத்தியானத்துக்குள் பனிப்புயல் வந்துவிடும் என்று ரேடியோ மூன்றாவது தடவையாகச் சொன்னது. ஹார்லனின் முப்பத்திரண்டு சினை மாடுகளோ ஆற்றோரப் பள்ளத்தில் நின்றபடி, அவரை யாரோ வழிப்போக்கர் மாதிரி பார்த்தன. கொட்டகைக்கு வராவிட்டால் ஒரு கன்றுகூடத் தேறாது.

"என்ன ஹார்லன், வரலையா?" பக்கத்து இருக்கையிலிருந்து மனைவி ட்வைலா கேட்டாள்.

"வரும். வராம எங்க போகும்?"

பதினெட்டு வருஷமாக வந்தவைதான். ஹார்லனின் வண்டி 1953-ஆம் வருஷத்துப் பிக்கப் டிரக். வேலியருகே வந்து இருமினாலே போதும், தீவனம் வந்துவிட்டதென்று மேபல் என்கிற பெரிய பசு முதலில் ஓடிவரும், மற்றதெல்லாம் அதன் பின்னால். இந்த வாரம்தான் ஹார்லன், எண்ணெய் குடித்துத் தீர்த்த அந்தக் கிழட்டு எஞ்சினைப் பழைய இரும்புக் கடையில் தள்ளிவிட்டு, நசுங்கிய கார் ஒன்றின் எஞ்சினை எடுத்து மாட்டினார். நாலு நாள் வேலை. அதுவரைக்கும் வேண்டிய வைக்கோலை முன்கூட்டியே பள்ளத்தில் போட்டுவைத்திருந்தார். புது எஞ்சின் ஓடுவதே காதில் விழவில்லை. ஊரெல்லாம் பெருமையடித்த விஷயம் இப்போது அவருக்கே வினையாகிவிட்டது. இது யார் வண்டி என்றே மாடுகளுக்குத் தெரியவில்லை.

ஹாரனை அழுத்தினார். மேபல் நாலடி பின்னால் போயிற்று.

"சைலென்சரைக் கழட்டிடறேன். சத்தம் கேட்டா புரிஞ்சுக்கும்."

கீழே படுத்து இழுத்தார். சைலென்சர் வந்தது. துருவேறிய தரைத்தகடும் கூடவே வந்தது. ட்வைலாவின் காலுக்கடியில் பனி தெரிந்தது.

"ஹார்லன், பாவாடைக்குள்ள காத்து அடிக்குது."

"கொஞ்சம் பொறுத்துக்கோ."

கிளப்பினார். வண்டி வெடித்த வெடியில் மாடுகள் வாலைத் தூக்கிக்கொண்டு பள்ளத்தின் மறுகோடிக்கு ஓடின.

வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஹார்லனுக்கு அழுகை வராத குறைதான்.

"ட்வைலா, நீ பழைய எஞ்சின் மாதிரி சத்தம் போடேன்."

"நானா?"

"பதினெட்டு வருஷமா திட்டிக்கிட்டே கேட்டிருக்கியே. உனக்குத் தெரியாததா?"

அவள் கணவனை ஏற இறங்கப் பார்த்தாள். ஆனாலும் பாவம், வண்டியின் பின்பக்கம் ஏறி நின்றாள்.

"டுக்... டுக்டுக்... கொர்ர்ர்..."

"ரெண்டு இருமலை விட்டுட்டே."

"இக்கும்! இக்கும்!"

மாடுகள் காதை நிமிர்த்தின. ஹார்லன் மூச்சைப் பிடித்துக்கொண்டார். மேபல் கழுத்தைத் திருப்பியது, ஆனால் மேற்குப் பக்கமாக. அடுத்த நொடி முப்பத்திரண்டும் வேலியைச் சாய்த்துக்கொண்டு மேட்டைத் தாண்டி மறைந்தன.

"ரொம்ப இருமிட்டே."

"ஆமா, சைலென்சரைப் பிடுங்கினவளும் நான்தானே!"

பனி விழ ஆரம்பித்தது. குளம்புத் தடம்கூட மூடிக்கொண்டது. தேடுவதற்கு ஆள் துணையாவது கிடைக்கட்டும் என்று, மேட்டுக்கு அந்தப்புறம் இருந்த வெண்டலின் பண்ணைக்கு வண்டியை விட்டார். வெண்டல் வாசலிலேயே நின்றிருந்தார்.

"வெண்டல், மாடெல்லாம்..." ஹார்லன் மேட்டுப் பக்கம் கையைக் காட்டினார். "ஒண்ணுகூட இல்லப்பா. எல்லாம் போச்சு."

"எங்கயும் போகல, என் கொட்டகையிலதான் இருக்கு," என்றார் வெண்டல். "இரும்புக் கடையில ஒரு கிழட்டு எஞ்சின் வாங்கி என் பிக்கப்புல மாட்டி இப்பதான் கிளப்பிப் பார்த்தேன், முப்பத்திரண்டும் ஓடிவந்து தீவனம் எங்கேன்னு என் கழுத்தைப் பிடிக்குதுங்க!"